உதட்டுக் கொப்புளம்: எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம்?

காலை ஏழு மணி. கொல்லைப்புறத்தில் அண்டாவில் வெந்நீர் ஆவி பறக்கிறது. மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பேரனைக் கால்மேல் குப்புறப் போட்டிருக்கிறார் பாட்டி. முதுகில் தண்ணீர் விழ விழக் குழந்தை வீறிடுகிறது. திருப்பிப் போட்டு முகம் துடைத்து, நெற்றியை நீவி, மூக்கைப் பிடித்துவிட்ட பிறகு ஒரு வேலைதான் பாக்கி. குனிந்து, குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊத வேண்டும். சளி வெளியே வந்துவிடும், மூச்சு சீராகும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது.

பாட்டியின் கீழுதட்டு ஓரத்தில் கடுகு கடுகாக நாலைந்து கொப்புளங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே நீர் கோத்து நிற்கின்றன. மேலே மஞ்சள் பூசியிருக்கிறார். "உதட்டுல என்னம்மா?" என்று மகள் கேட்கிறாள். "ராத்திரி பல்லி எச்சில் பட்டிருச்சுடி. ரெண்டு நாள்ல காஞ்சிரும்." அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நாலு வீடு தள்ளி ஒரு கல்யாண வீடு. வெள்ளிக்கிழமை வரவேற்பு. புதன்கிழமை காலையில் கண் விழித்த மணப்பெண்ணின் உதட்டிலும் இதே கொப்புளம். கைபேசியில் தேடினால் 'ஹெர்பிஸ்' என்று வருகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே 'பால்வினை நோய்'. அறைக் கதவு சாத்தப்படுகிறது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் இதை மறைப்பது எப்படி என்று பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பெண்ணின் அம்மாவுக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான் இரண்டும். கல்யாண வீட்டுப் பயத்துக்கு அவசியமே இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில்தான் கொஞ்சம் பயம் வேண்டும், அங்கே அது துளியும் இல்லை. இந்தக் கொப்புளத்தைப் பற்றிய நம் பயம் முகவரி மாறிப் போயிருக்கிறது.

மூன்றில் இருவர்

'பல்லி எச்சில்', 'பூச்சிக்கடி', 'சூட்டுக் கொப்புளம்', 'காய்ச்சல் கொப்புளம்' என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பல்லிக்கும் பூச்சிக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் முதல் வகை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேரின் உடம்பில், அதாவது 64 சதவீதம் பேரிடம், இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

பெரும்பாலோருக்கு இது சின்ன வயதில் யாரோ கொஞ்சி முத்தமிட்டபோது எச்சில் வழியாக வந்திருக்கும். வந்ததே பலருக்குத் தெரியாது. தோலில் நுழைந்த வைரஸ் நரம்பு வழியாக மேலேறி, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில், மண்டையோட்டின் அடிப்பகுதியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து அதைத் துரத்த இன்றுவரை மருந்து இல்லை. காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், தூக்கமின்மை, மன உளைச்சல், பல் பிடுங்கியது, உதட்டில் அடிபட்டது என ஏதாவது ஒன்று அதை எழுப்பிவிடும். வந்த வழியே இறங்கி, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி கொப்புளமாகும். சிலருக்கு வருடத்துக்கு ஒரு முறை, சிலருக்கு நாலைந்து முறை, பலருக்கு ஆயுள் முழுக்க ஒரு முறைகூட இல்லை.

'உடம்புச் சூடு' என்று நம் வீடுகளில் சொல்வதைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்த வைரஸைக் கிளப்பிவிடுவது நிரூபணமான விஷயம். கத்திரி வெயிலில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அலைந்தவருக்கும், வெட்டவெளியில் களையெடுத்தவருக்கும் கொப்புளம் வருவதை நம் பாட்டிகள் கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். காரணத்தில்தான் பல்லி நுழைந்துவிட்டது.

முதல் குறுகுறுப்பு

கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் வரை, உதடு அறிவித்துவிடும். சிவப்பு உதடும் தோலும் சேரும் கோட்டில் ஓர் இடம் மட்டும் குறுகுறுக்கும், அல்லது எரியும், அல்லது மரத்தது போல இருக்கும். விரலால் தொட்டால் அந்த இடம் சற்றே தடித்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிக்கடி வருபவர்கள் இந்தக் குறுகுறுப்பைக் கச்சிதமாக அடையாளம் சொல்வார்கள்.

அடுத்து சிவந்த மேட்டின் மேல் குட்டிக் கொப்புளங்கள் கொத்தாக எழும். முதலில் தெளிந்த நீர், பிறகு லேசாக மஞ்சளிக்கும். இரண்டு மூன்று நாளில் உடைந்து ஒன்றாகச் சேர்ந்து ஈரப் புண்ணாகும். வலியும் தொற்றும் அதிகமாக இருப்பது இப்போதுதான். பிறகு பொருக்கு தட்டும். சிரித்தால், கொட்டாவி விட்டால் பொருக்கு வெடித்து ரத்தம் கசியும். ஏழு முதல் பத்து நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில், தழும்பில்லாமல் ஆறிவிடும்.

முதல் குறுகுறுப்பிலிருந்து பொருக்கு முழுவதும் உதிரும் வரை இது தொற்றும். கொப்புளமே இல்லாத நாட்களிலும் சில சமயம் எச்சிலில் வைரஸ் வெளியேறும். அதனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று துப்புத் துலக்குவதில் பயனில்லை. கொப்புளம் இருக்கும்போது வெளியேறும் அளவு மிக அதிகம் என்பதால், கவனம் அந்த நாட்களில்தான் வேண்டும்.

[பெட்டி] இதுவா, வேறா?

வாய்க்குள் வரும் புண்: கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளையாகக் குழிந்து வருவது சாதாரண வாய்ப்புண். வைரஸ் இல்லை, யாருக்கும் ஒட்டாது.

வாயோரம் வெடிப்பது: இரண்டு கடைவாய் ஓரங்களும் சேர்ந்து வெடித்தால் இரும்புச் சத்து, பி வைட்டமின் குறைவு, பூஞ்சை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உதட்டுக் கொப்புளம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும்.

தேன் நிறப் பொருக்கு: குழந்தைகளின் மூக்கு, வாயைச் சுற்றித் தேன் காய்ந்தது போன்ற பொருக்கு படர்ந்தால் அது பாக்டீரியாத் தொற்று. மருந்து முற்றிலும் வேறு.

அக்கி: முகத்தில் அல்லது உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் படர்ந்து, கடுமையாக வலித்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் மறுபடி விழிப்பதால் வருவது. அதற்குக் காவி எழுதிக்கொண்டு காத்திருந்தால் மருந்து வேலை செய்யும் முதல் மூன்று நாள் போய்விடும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

ஆறாத புண்: மூன்று வாரமாகியும் ஆறாத, தடித்த புண் எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புகையிலை, பான்மசாலாப் பழக்கம் உள்ளவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை போட்ட அன்றே வந்தால்

நம் ஊரில் உதட்டுக் கொப்புளத்தோடு ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ மருந்துக்கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். சில மணி நேரத்தில், அல்லது மறுநாள், உதட்டில் ஓர் இடம் எரிந்து சிவந்து கொப்புளிக்கும். 'காய்ச்சல் கொப்புளம்' என்று விட்டுவிடுவார். ஆறிய பிறகு அந்த இடம் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாதக்கணக்கில் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே மாத்திரை, அதே இடம், இன்னும் கொஞ்சம் பெரிதாக.

இது வைரஸ் இல்லை, மருந்து ஒவ்வாமை. கோட்ரைமாக்சசோல், டெட்ராசைக்ளின் வகை, டினிடசோல் குடும்பம், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் எனப் பல மருந்துகள் இதைச் செய்யும். அபூர்வமாகப் பாராசிட்டமாலும் செய்யும். எளிய அடையாளம் அந்தக் கறுப்புத் தழும்புதான். உதட்டுக் கொப்புளம் அப்படித் தழும்பு வைப்பதில்லை. ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் என்ன மாத்திரை, எப்போது போட்டது, எப்போது புண் வந்தது என்று எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டால் புண் உதட்டோடு நிற்காமல் உடம்பில் பல இடங்களுக்குப் பரவலாம்.

மருந்து: முதல் நாளின் மதிப்பு

ஏசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபேம்சைக்ளோவிர். மருந்துச் சீட்டில் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். மூன்றுமே வைரஸ் பெருகுவதைத் தடுப்பவை. புண்ணான பிறகு போட்டால் பலன் குறைவு, குறுகுறுப்பிலேயே போட்டால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு ஒரே நாளில் முடிந்துவிடும் மாத்திரைச் சிகிச்சைகூட இருக்கிறது. அடிக்கடி வருபவர்கள் கொப்புளம் இல்லாத ஒரு நாளில் டாக்டரைப் பார்த்து, அளவு தெரிந்துகொண்டு, மாத்திரையை வீட்டில் தயாராக வைத்திருப்பதே புத்திசாலித்தனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். தானாக வாங்கிப் போடக் கூடாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். மாத்திரை சுமார் ஒரு நாளைக் குறைக்கும், களிம்பு அரை நாள் அளவுக்கே குறைக்கும். 2019-ல் நியூசிலாந்து மருந்துக்கடைகள் வழியாக நடந்த ஓர் ஆய்வில், மருத்துவத் தரத்தில் தயாரித்த கனுகா தேனும் ஏசைக்ளோவிர் களிம்பும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. தேனுக்குப் பெருமை என்பதைவிடக் களிம்பின் எல்லையைக் காட்டும் முடிவாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி குளிர்ந்த ஒத்தடம், வெடிக்காமலிருக்க வாசலின், வலிக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளும் மாத்திரை, காரமும் புளிப்பும் தவிர்த்த சாப்பாடு. இவை போதும். பற்பசை, சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். எரிந்த தோல் இன்னும் எரியும், ஆறுவது தள்ளிப்போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'தோலுக்கு எல்லாத்துக்கும் கேக்கும்' என்று மருந்துக்கடையில் எடுத்துத் தரும் டியூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த கலவை. தனியாக இதைப் பூசினால் சிவப்பு தணிந்தது போலத் தெரியும், அடியில் வைரஸ் பெருகும். தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

[பெட்டி] வைரஸை வைத்தே வைரஸைப் பிடித்தவர்

ஏசைக்ளோவிருக்குப் பின்னால் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூட வேலைகள் மறுக்கப்பட்டவர், முனைவர் பட்டம் முடிக்காதவர். அவருடைய குழு வளர்த்தெடுத்த இந்த மருந்து, வைரஸ் இருக்கும் செல்லுக்குள் போன பிறகுதான் விழித்துக்கொள்கிறது. அதை விழிக்க வைப்பது வைரஸின் சொந்த நொதிதான். அதனால் நல்ல செல்களுக்குச் சேதம் மிகக் குறைவு. வைரஸ் நோய்க்கு இவ்வளவு பாதுகாப்பான மருந்து சாத்தியம் என்று உலகம் நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியன் பகிர்ந்துகொண்டார். ஏசைக்ளோவிர் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

கல்யாணம் நிற்க வேண்டியதில்லை

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸில் இரண்டு வகை. பிறப்புறுப்பில் வருவதற்கு அதிகம் காரணமாவது இரண்டாம் வகை. உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை, அதுவும் மழலைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. உதட்டில் கொப்புளம் இருப்பதை வைத்து ஒரு பெண்ணின், ஆணின் நடத்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சொல்பவர் அறியாமையில் பேசுகிறார், அல்லது வேண்டுமென்றே புண்படுத்துகிறார்.

சில வீடுகளில் கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் ஹெர்பிஸையும் சேர்க்கச் சொல்வது நடக்கிறது. வேண்டாம். அந்தப் பரிசோதனை உடம்பில் எதிரணு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. மூன்றில் இருவருக்கு 'பாசிட்டிவ்' வரக்கூடிய ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டால் யாருக்கு லாபம்? அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை மருத்துவர்களும் பரிந்துரைப்பதில்லை.

கணவன் மனைவிக்குள் மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது முத்தமும் வாய்வழி உறவும் தவிர்க்க வேண்டும். வாயிலிருந்து முதல் வகை வைரஸ் பிறப்புறுப்புக்குப் போய் அங்கேயும் தங்கிவிடும். மனைவி கர்ப்பமாக இருக்கும் கடைசி மூன்று மாதங்களில் இது மிக முக்கியம். அப்போது முதல் முறையாகப் பிறப்புறுப்பில் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

மணப்பெண் அலங்காரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே லிப்ஸ்டிக்கையும் பிரஷ்ஷையும் பெண், தோழி, தங்கை என்று எல்லோருக்கும் போடுவது இன்னும் நடக்கிறது. லிப்ஸ்டிக்கைத் தகட்டில் சுரண்டி எடுத்து, ஆளுக்கு ஒரு புது பிரஷ் வைத்தால் பிரச்சினை இல்லை. கல்யாணத்துக்கு முன் முகத்தில் லேசர், கெமிக்கல் பீல், உதட்டுக்கு ஊசி எனச் செய்துகொள்பவர்கள், 'எனக்கு உதட்டில் கொப்புளம் வரும்' என்பதைத் தோல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சிகிச்சையே வைரஸை எழுப்பி முகம் முழுக்கப் பரப்பிவிடும். முன்கூட்டி மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில்

இனி, பயம் வேண்டிய இடம்.

பிறந்து ஆறு வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்த வைரஸை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு. பெரியவர்களின் உதட்டோடு நின்றுவிடும் அதே வைரஸ், குழந்தைக்குக் கல்லீரல், நுரையீரல், மூளை வரை போய்விடும். உடம்பெங்கும் பரவிய பிறகு சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைப்பதில்லை. பிழைப்பவர்களிலும் பலருக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும்.

அளவோடு சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்: இது அரிதான நோய். உலக அளவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 10 குழந்தைகள். அவர்களிலும் பெரும்பாலோருக்குப் பிரசவத்தின்போது தாயிடமிருந்துதான் வருகிறது. பிறந்த பிறகு அடுத்தவர் எச்சிலாலும் கையாலும் வருவது ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றைத் தடுக்க மருந்து வேண்டாம், செலவு வேண்டாம், வீட்டுக்குள் கொஞ்சம் கண்டிப்பு போதும். அதனால்தான் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம் வீடுகளில் பச்சைக் குழந்தையின் வாய்க்குப் பெரியவர்களின் எச்சில் போய்ச் சேர எத்தனை வழிகள்! பிறந்தவுடன் சேனை வைப்பது. யார் வைக்கிறாரோ அவர் குணம் வரும் என்று குடும்பத்தில் மூத்தவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுவார். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, சளியை வாயால் உறிஞ்சுவது. பாலாடையில் உள்ள பாலின் சூட்டைத் தன் உதட்டில் வைத்துப் பார்ப்பது. கொஞ்சும்போது உதட்டில் முத்தம். எல்லாமே அன்பில் பிறந்தவை, அதில் சந்தேகமில்லை. மூக்கில் ஊதுவதும் உறிஞ்சுவதும் எந்த நாளிலும் தேவையில்லாதவை. வைரஸை விட்டுவிட்டாலும், அவற்றால் வேறு கிருமிகளும் போகும். மூக்கடைத்திருந்தால் டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். தேன் ஒரு வயது வரை நாக்கில் படவே கூடாது.

தாயின் உடம்பில் ஏற்கெனவே இந்த வைரஸ் இருந்தால் அவளுடைய எதிரணுக்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ஓரளவு காவல் தரும். இதுவரை இந்த வைரஸே வராத தாயின் குழந்தைக்கு அந்தக் காவலும் இல்லை. யார் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே விதி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

தாய்க்கே உதட்டில் கொப்புளம் வந்தால்? பச்சை உடம்புக்காரிக்குத் தூக்கமில்லை, அலுப்பு. வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. குழந்தையைப் பிரிக்க வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பால் வழியாக இந்த வைரஸ் போவதில்லை. மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், முத்தம் மட்டும் கூடாது. மார்பிலேயே கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் ஆறும் வரை கொடுக்கக் கூடாது, மறு பக்கம் கொடுக்கலாம்.

[பெட்டி] குழந்தை பார்க்க வருபவர்களிடம்

உதட்டில் புண், பொருக்கு, குறுகுறுப்பு இருப்பவர்கள் ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தையைத் தூக்குவதை ஆறும் வரை தள்ளிப்போடலாம். தூக்கியே ஆக வேண்டிய வீட்டு ஆள் என்றால் மாஸ்க், கழுவிய கை, உதட்டைத் தொடாத விரல். மற்றவர்களும் உதட்டிலும் கையிலும் முத்தமிட வேண்டாம், கையைக் குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும். மாமியாரிடமும் நாத்தனாரிடமும் இதைச் சொல்லப் பிரசவித்த பெண்ணால் முடியாது. சொல்ல வேண்டியவர் குழந்தையின் அப்பா. அவருக்கும் தயக்கமென்றால் வீட்டுக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரையோ குழந்தை டாக்டரையோ எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்லுங்கள்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், காய்ச்சல் அடித்தால் அல்லது உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், தோலில் நீர்க் கொப்புளம் ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 108-ஐ அழைத்துக் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் இருந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது. ஊசி வழியாக ஏசைக்ளோவிர், 14 அல்லது 21 நாள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மழலைக்கு முதல் தடவை

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் முதன்முதலாக வரும்போது சிலருக்கு வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். நல்ல காய்ச்சல், ஈறு வீங்கிச் சிவந்து ரத்தம் கசியும், எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு வாய் சோறு இறங்காது. பார்க்கப் பாவமாக இருக்கும். பத்துப் பதினான்கு நாளில் சரியாகிவிடும். இதில் ஆபத்து புண்ணால் அல்ல, தண்ணீர் வற்றுவதால். குளிர்ந்த பால், மோர், இளநீர், ஐஸ்கிரீம் என எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் உடனே மருத்துவமனை. முதல் மூன்று நாளுக்குள் போனால் ஏசைக்ளோவிர் சிரப் நன்றாகப் பலன் தரும்.

கரப்பான் என்று சொல்லும் எக்ஸிமா உள்ள பிள்ளைகள் தனிக் கவனம் வேண்டியவர்கள். அந்தத் தோலில் இந்த வைரஸ் பட்டால் வேகமாகப் பரவி, ஒரே அளவிலான குழிப் புண்கள் கூட்டமாக எழும், காய்ச்சலும் வரும். அன்றே டாக்டரிடம் போக வேண்டிய நிலை இது.

கண்

உதட்டுப் புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸை எச்சிலால் நனைத்து மாட்டுவதும் கூடாது. அதோடு, முக நரம்பு முடிச்சில் படுத்திருக்கும் வைரஸ் உதட்டுக்கு இறங்குவதற்குப் பதில் கண்ணுக்குப் போகும் நரம்பில் தானாகவே இறங்குவதும் உண்டு. ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கண் டாக்டர் இருட்டறையில் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையைக் கண்ணோரத்தில் லேசாகத் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தைப் பாய்ச்சுவார். கருவிழியில் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் சின்னக் குமிழோடு, பளிச்சென்று பச்சையாக ஓர் உருவம் தெரியும். பார்த்த மாத்திரத்தில் நோய் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே சரியான மருந்து போட்டால் பெரும்பாலும் பார்வை தப்பிவிடும். தாய்ப்பால் விட்டு, இலைச் சாறு பிழிந்து, கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றி நாளைக் கடத்தினால் கருவிழியில் தழும்பு விழும். அந்தத் தழும்பு கண்மணிக்கு நேரே விழுந்தால் பார்வை மங்கும். மறுபடி மறுபடி வந்தால் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போகும். ஒரு முறை கண்ணில் வந்தவர்களுக்கு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து மறு தாக்குதலைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதை அமெரிக்காவில் 1990-களில் நடந்த பெரிய ஆய்வு நிறுவியிருக்கிறது.

காய்ச்சலோடு குணம் மாறினால்

மிக மிக அரிதாக இந்த வைரஸ் மூளைக்குப் போகும். உதட்டில் கொப்புளம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி. பிறகு ஆள் திடீரென்று வேறு ஆளாகப் பேசுவார், பேச்சு குழறும், பெற்ற பிள்ளையைத் தெரியாது என்பார், இல்லாத வாடை வீசுவதாகச் சொல்வார், வலிப்பு வரும். இந்த இடத்தில்தான் நம் ஊரில் விபூதி போடவும் மந்திரிக்கவும் ஓடுகிறார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் ஆம்புலன்ஸ். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் வரை இறந்துபோகும் நோய் இது. ஏசைக்ளோவிர் ஊசி வந்த பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஸ்கேனும் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் முடிவு சொல்லும் வரைகூடக் காத்திராமல், சந்தேகம் வந்தவுடனே டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். குடும்பம் செய்ய வேண்டியது அந்த மணி நேரங்களை வீணாக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அடிக்கடி வருகிறதா?

வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வருபவர்கள், ஒவ்வொரு முறையும் பெரிதாக வருபவர்கள், கொப்புளத்தைத் தொடர்ந்து கை கால்களில் வட்ட வட்டமாகத் தடிப்பு வருபவர்கள், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றுக்குப் பின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள் ஆகியோர் ஒவ்வொரு முறையும் மருந்து தேடுவதை விட்டு, தினசரி மாத்திரையாகத் தடுப்புச் சிகிச்சை எடுப்பது பற்றி டாக்டரிடம் கேட்கலாம். சில மாதம் எடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்பது வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குப் புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் நின்றால் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மற்றவர்கள் தங்கள் தூண்டுகோலைக் கண்டுபிடித்தாலே பாதிக் கவலை குறையும். வெயில் என்றால் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம், தலையில் ஒரு துண்டு அல்லது குடை. லிப் பாமை வீட்டில் யாருடனும் பங்கிட வேண்டாம். பல் சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கும்போது கொப்புளம் வந்தால் போன் செய்து சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத சிகிச்சையைப் பல் டாக்டர்கள் ஆறும் வரை தள்ளிவைப்பார்கள், அது உங்கள் முகத்துக்கும் அவர்கள் கைக்கும் நல்லது. பொருக்கு கட்டிய கொப்புளத்தோடு பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், தண்ணீர் பாட்டில் மட்டும் தனியாக இருக்கட்டும். எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும் மழலையை மட்டும் அது நிற்கும் வரை அங்கன்வாடிக்கு அனுப்ப வேண்டாம்.